மாசிலாமணி மோந்து பார்த்தது

நுரை கொஞ்சம் அடங்கட்டும்ப்பா என்று சொல்லிவிட்டு மங்கை உள்ளே போயிருந்தாள். அது அடங்குகிற மாதிரித் தெரியவில்லை. பொங்கி வந்த பால் அடுப்பை அணைத்ததும் அப்படியே நின்றுவிட்டதுபோல, குவளையின் விளிம்பை ஒட்டி இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. அதற்குக் கீழே வெளிறிய பொன்நிறம். அதற்குள் நூல் நூலாக மேலேறும் குமிழிகள். மாசிலாமணி அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, வாசலைப் பார்த்து, விசிறியைப் பார்த்து, மறுபடி அதையே பார்த்தார். பக்கத்தில் மனைவி செண்பகம் உருளைக்கிழங்கு வறுவலை ஒவ்வொன்றாகத் தக்காளிச் சட்டினியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு பீர்க்கடைக்குள், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உப்பு சரியா இருக்கு, எடுத்துக்குங்க என்றாள். அவர் தலையசைத்தார். அறுபத்தாறு வயது வரைக்கும் ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. இருமல் மருந்து வாங்கினால்கூட பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்து, ஆல்கஹால் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். செண்பகத்தின் மூட்டுவலிக்கு ஹோமியோபதி டாக்டர் கொடுத்த சர்க்கரை உருண்டைகளை மோந்து பார்த்துவிட்டு, இது ஸ்பிரிட்ல நனைச்சது, வீட்டுக்குள்ள வேண்டாம் என்றவர் அவர். செண்பகம் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வெளியே என்று சொல்லத்தக்க இடமாக மாடிப்படிக்குக் கீழே வைத்து, வேளாவேளைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். வலியும் போயிற்று. அதை அவர் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் அவர் வீட்டில் குடித்துச் சீரழிந்தவர் என்று யாரும் கிடையாது. அப்பா தொட்டதில்லை, அண்ணன் தொட்டதில்லை. சொல்லிக்கொள்ள ஒரு சோகக் கதைகூட இல்லாமல், சும்மாவே குடிக்காதவர். அதில்தான் அவருக்குக் கர்வம். காரணம் இருந்து குடிக்காதவன் காரணம் போனால் குடிப்பான். காரணமே இல்லாதவனை எதைக் கொண்டு அசைப்பது?

ஆனால் இப்போது காரணம் ஒன்று எதிரே வந்து உட்கார்ந்துவிட்டது. காரணம் என்று சொல்லலாமா அதை? போன மாதம் மங்கை போனில் பேசியபோது ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டார். இன்னும் அதிலிருந்து கழன்றபாடில்லை. ஜெர்மன் மாதிரி லாகர் பீர் ஒண்ணு காய்ச்சியிருக்கேன்ப்பா, நல்லா வந்திருக்கு என்றாள். காய்ச்சியிருக்கேன். பால் காய்ச்சுகிறோம், கஞ்சி காய்ச்சுகிறோம், எண்ணெய் காய்ச்சித் தலையில் வைக்கிறோம், திட்டினால்கூட ஆளைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சிவிட்டான் என்கிறோம். ஆனால் மதுவிலக்குப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெறும் வரைக்கும் அவர் கைப்பட எழுதிய அந்த வினைச்சொல்லுக்கு முன்னால் சாராயம் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. மேற்படி நபர் மேற்படி இடத்தில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது. பெற்ற மகள் அந்தச் சொல்லை, கூசாமல், ரசம் வைத்தேன் என்பதுபோலச் சொன்னாள். விழுப்புரத்தில் அக்கம்பக்கத்தில் பொண்ணு என்ன பண்றா என்று கேட்கிறவர்களிடம் அவர் உணவுப் பதப்படுத்துதல் என்று சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. பார்லி உணவுதானே, பதம் என்று ஒன்று அதற்கும் உண்டுதானே. இப்படி நியாயம் பேசிய எத்தனை பேரை அவரே ஜீப்பில் ஏற்றியிருக்கிறார். அதற்கப்புறம் மங்கை விஷயத்துக்கு வந்தாள். ஓனர் பெல்லியப்பா ஒவ்வொரு குழாய்க்கும் மேலே ஒரு பலகை மாட்டுகிறார், பீரின் பெயரும் காய்ச்சினவர் பெயரும் போட்டு. மங்கையர்க்கரசி என்று எழுதியாகிவிட்டது. முன்னெழுத்துக்கு இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். "அந்த எம் நீங்கதானேப்பா. உங்களக் கேக்காமப் போட மாட்டேன். வேண்டாம்னா இடம் அப்படியே இருக்கட்டும்." வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. வந்து பார்த்துட்டுச் சொல்றேன் என்று வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தார். ஆள் இல்லாமல் சாராய ஊறல் மட்டும் பிடிபட்டால்கூட நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட பழக்கம் கிடையாது. அதனால்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அதனால் மட்டும் இல்லை என்பதும் தெரிந்தது.

பலகை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. மேலே பீரின் பெயர், கீழே மகளின் பெயர், அதற்கு முன்னால் வெற்றாக ஒரு கறுப்பு. பல் விழுந்த வாய்போல இருந்தது அந்த இடம். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? முன்னெழுத்து இல்லாத பெண், அப்பன் யாரென்று தெரியாதோ என்று நினைப்பானோ? இந்த ஊரில் அப்படியெல்லாம் யாரும் நினைக்க மாட்டார்கள். இவர்கள் முன்னெழுத்தைப் பின்னால் போடுகிறவர்கள், சிலர் போடாமலே விடுகிறவர்கள். ஆனால் அந்த வெற்றிடத்தை விடச் சொன்னது அவள். விட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் வேலை செய்திருக்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத் தொட்டிகள் வரிசையாக நிற்க, அவள் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு தெரிந்தது. ஊரைவிட்டு அவள் போனபோது அந்த முதுகைத்தான் அவர் பார்க்காமல் விட்டார். ஜெர்மனிக்கு பீர் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். உன் இஷ்டம் என்றார். சென்னை விமான நிலையத்துக்குச் செண்பகம்தான் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் வீட்டில் இருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தார். தேய்த்துத் தேய்த்துப் பாசி போய், சிமெண்டும் கொஞ்சம் போயிற்று. அவள் அங்கே இருந்த இரண்டு வருஷமும் போனில் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். படிப்பு எப்படி என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்பதைச் செண்பகம்தான் சொன்னாள், அதுவும் ஒரு வருஷம் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, போகிற போக்கில். அன்றைக்கு அவருக்குள் ஒன்று துள்ளியது. முதலாவதாகவா என்று கேட்க வாய் திறந்து, கீரையில பூச்சி இருக்கு பாரு என்று சொல்லி மூடினார்.

நுரை இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. வாசம் வந்தது. வேண்டுமென்று மோக்கவில்லை. மூக்கு தானாக வேலை செய்யும் மூக்கு. துறையில் மாசிலாமணி மூக்கு என்றே சொல்வார்கள். கல்வராயன் மலையில் ஓடைக் கரையோரம் நடந்து போகும்போது சட்டென்று நின்று, இங்கேதான் என்பார். கூட வருகிறவர்கள் கம்பியால் மண்ணைக் குத்துவார்கள். அடியில் பேரல் தட்டும். மூடியைத் திறந்ததும் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் குனிவார். வேலம்பட்டை, வெல்லம், அழுகின வாழைப்பழம், புளித்து எத்தனை நாள், எலி விழுந்திருக்கிறதா, உரத்தைக் கலந்திருக்கிறானா, எல்லாம் ஒரு மூச்சில் தெரியும். பிறகு சாய்க்கச் சொல்வார். மலைச்சரிவில் பழுப்பாக ஓடும். அந்த வாசம் சட்டையில் ஏறிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். மங்கை அப்போது சின்னப் பெண். கேட்டருகே ஓடி வந்து, அவர் சட்டையில் முகத்தை வைத்து உறிஞ்சி, இன்னிக்கு வெல்லமாப்பா, பழமாப்பா என்று கேட்பாள். சரியாகத்தான் கேட்பாள். செண்பகம் உள்ளேயிருந்து கத்துவாள், பிள்ளைகிட்டப் போகாதீங்க, முதல்ல குளிங்க என்று. அவர் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போவார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மூக்கு யாருடையது என்று. ஆனால் கடலோர ஊர் ஒன்றில் ஒரு வருஷம் நடந்ததற்குப் பிறகு அவர் சிரிப்பதை விட்டார். எவனோ சாராயத்தில் எதையோ கலந்து விற்றுவிட்டான். வலை காயவைக்கும் மணலில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். உச்சி வெயில். ஒருவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கை ஏன் சார் அணைச்சீங்க, போடச் சொல்லுங்க என்றான். வெயில் அவன் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. போடச் சொல்றேன்ப்பா என்றார். வேறு என்ன சொல்வது. அவன் பிடி தளரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எந்தத் திரவத்தைக் கண்டாலும் பயம், தெளிவாக இருந்தால் இன்னும் பயம். தெளிவாக இருப்பதுதான் கொல்கிறது. இதோ எதிரே இருப்பதும் தெளிவாகத்தான் இருக்கிறது. குவளைக்குப் பின்னால் வைத்த செண்பகத்தின் கைப்பையில் பித்தளைக் கொக்கி வரைக்கும் தெரிகிறது. கண் தெரியாமல் போனால்? சீ, என்ன நினைப்பு. பெற்ற பெண் கொடுத்தது. மணலில் கிடந்த அவனுக்கும் தெரிந்தவன்தான் கொடுத்திருப்பான், பக்கத்து வீட்டுக்காரன், சொந்தக்காரன். மாசிலாமணிக்கு நெற்றி வேர்த்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். செண்பகம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஏசி போடச் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்றார்.

மங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள். பூட்ஸின் ஈரம் தரையில் தடம் போட்டிருந்தது. குவளை அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அம்மாவின் தட்டிலிருந்து ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. விசாரணையில் முதல் கேள்விதான் கஷ்டம், அப்புறம் தானாக வரும். என்னென்ன போடுற இதுல என்று கேட்டார். குரல் அவருக்கே அதிகாரக் குரலாகக் கேட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. நாலே பொருள்தான் என்றாள். தண்ணீர், முளைகட்டி வறுத்த பார்லி, ஹாப்ஸ் என்று கசப்புக்கு ஒரு கொடியின் பூ, அப்புறம் ஈஸ்ட். கொதிக்கவைத்து ஆறவைத்து ஈஸ்ட்டைப் போட்டால் அது தன் வேலையைப் பார்க்கும், அதன்பிறகு குளிரில் சும்மா படுக்க வைக்க வேண்டும், வாரக்கணக்கில். லாகர் என்றாலே ஜெர்மனில் கிடங்கு, வைத்திருப்பது என்றுதான் அர்த்தமாம். கறுப்பு பீர், பழம் போட்ட பீர் என்றால் தப்பு நடந்தாலும் மறைந்துகொள்ளும், இதில் மறைக்க இடமே கிடையாது என்றாள். இந்த வேலையில் முக்கால்வாசி கழுவுகிறதுதான், ஒரு குழாய் சரியாகக் கழுவவில்லை என்றால் காட்டிக் கொடுத்துவிடும். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. அவர் அந்த முகத்தை இதற்கு முன்னால் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும்போது அவள் கொண்டுவருகிற முகம் வேறு, சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டு ஊருக்குப் போகிற முகம். இது வேலை தெரிந்தவளின் முகம். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவள்போலக் குவளையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "மொத தடவை வெச்சது சரியா வரல. லேசா வெண்ணெய் வாசம். பெல்லியப்பா சார் குடிச்சுப் பார்த்துட்டு, யாருக்கும் தெரியாது, குழாய்ல விட்டுடலாம்னார். எனக்குத் தெரியுதே சார்னேன். மொத்த டேங்கையும் சாக்கடைல திறந்து விட்டுட்டேன்ப்பா."

திறந்து விட்டுவிட்டாள். அவர் வாழ்நாளில் எத்தனை பேரல், எத்தனை பானை, சாராயம் அடைத்த எத்தனை லாரி ட்யூப், கத்தியால் கிழித்ததும் வயிறு சரிந்ததுபோல வழிந்தவை. எல்லாம் அடுத்தவன் வைத்தது. சொந்தமாக, வாரக்கணக்கில் காத்திருந்து, தூக்கம் கெட்டு வைத்த ஒன்றை, எவனும் கேட்காமல், எந்தச் சட்டமும் சொல்லாமல், ஒரு வாசத்துக்காகத் தன் கையாலேயே திறந்துவிட அவரால் முடிந்திருக்குமா? அவர் போட்டிருந்தது காக்கி. உத்தரவு மேலேயிருந்து வந்தது. பிற்பாடு அதே அரசாங்கம் மதுக்கடை திறந்தபோது, பண்டிகைக்கு முதல் நாள் வரிசையை ஒழுங்குபடுத்த அவரைத்தான் அனுப்பியது, போய் நின்றார். அன்றைக்கும் உத்தரவுதான். இவளுக்கு மேலே யார்? மேலே ஒருவர் இருந்தார், அவர் விட்டுவிடலாம் என்றார், இவள் கேட்கவில்லை. எனக்குத் தெரியுதே. என்ன வார்த்தை அது. அவர் பார்வை அவள் கைகளுக்குப் போனது. நகம் ஒட்ட வெட்டி, தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். இந்தக் கையையா பார்லி உணவுதானே, பதம்தானே என்று ஒளித்து வைத்தோம். நெஞ்சில் எங்கோ இடித்தது. வலி மாதிரி இருந்தது. பிறகுதான் பெருமை என்று பிடிபட்டது. நெடுநாள் வெளியே விடாமல் வைத்திருந்ததால் அது வரும்போது வலித்துக்கொண்டு வந்தது. மங்கை அவர் முகத்தைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. சட்டென்று மெல்லிய குரலில், "குடிக்க வேண்டாம்ப்பா. மோந்து மட்டும் பாருங்க. உங்க மூக்குக்கு மட்டும் இது பதில் சொல்லிட்டா போதும்" என்றாள். செண்பகம் வறுவலைத் தின்பதை நிறுத்தினாள்.

அவர் குவளையைக் கிட்டே இழுத்துக் குனிந்தார். பேரலுக்கு மேல் குனிகிற அதே குனிவு. கண்ணை மூடிக்கொண்டார். குற்றத்தைத் தேடித்தான் மூச்சை இழுத்தார், வேறு விதமாக இழுக்க அவருக்குத் தெரியாது. புளிப்பு? இல்லை. அழுகல்? இல்லை. துரு, தோல், பழைய துணி, மருந்து நெடி, ஒன்றுமில்லை. வெண்ணெய் என்றாளே, அதுவும் இல்லை. மறுபடி இழுத்தார். தானியம் வந்தது. பேக்கரி திறக்கிற நேரத்தில் தெருவில் நிற்பதுபோல ஒரு சூடு, இத்தனை குளிர்ந்த ஒன்றுக்குள்ளிருந்து. அதற்கப்பால் பூவா, புல்லா என்று சொல்ல முடியாமல் பச்சையாக ஒரு கீற்று, வந்ததும் தெரியாமல் போய்விட்டது. மலைப்பாதையில் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். ஏன் இப்போது? அடுப்பை அணைக்கக்கூட நேரமில்லாமல் பிடிபட்டவள். ஓடவில்லை. அவர் பானைக்கு மேல் குனிந்தபோது மோவாயைத் தூக்கிக்கொண்டு சொன்னாள், "நல்லா மோந்து பாருய்யா. என் கையில அழுக்கு இருக்கான்னு சொல்லு." அழுக்கு இல்லை. அவர் மோந்ததிலேயே சுத்தமானது அதுதான். அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் பானையை உதைத்தார். சட்டம் அது, உதைத்ததில் தப்பில்லை, இன்றைக்கும் உதைப்பார். ஆனால் அழுக்கு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு உதைத்திருக்கலாம். கண்ணைத் திறந்தார். மங்கை மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயமும் இருந்தது, கெஞ்சல் இல்லை. அவர் என்ன சொன்னாலும் அவளுக்குத் தன் சரக்கு எப்படிப்பட்டது என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள்.

குவளை கனமாக இருந்தது. உதட்டில் முதலில் நுரைதான் பட்டது, ஒன்றுமில்லாத ஒன்று. அதற்குப் பின்னால் குளிர் வந்தது, பல்லில் ஏறியது. நாக்கு பின்வாங்கி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அறுபத்தாறு வருஷத்துப் பழக்கம். எரியும் என்று காத்திருந்தார். தொண்டை எரியும், தலை சுழலும், கண் மங்கும் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்தார். ஒன்றும் எரியவில்லை. ரொட்டியின் ஓரத்தைக் கடித்ததுபோல லேசாக இனித்தது, இனிப்பு என்று பெயர் வைப்பதற்குள் கசந்தது, பாகற்காய்க் கசப்பில்லை, வேம்புக் கசப்பில்லை, ஓரமாக வந்து இனிப்பைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போகிற கசப்பு. இரண்டும் போனதும் வாய் கழுவி வைத்ததுபோல இருந்தது. அவ்வளவுதானா? இவ்வளவு நாளும் இதையா? இல்லை, இதை இல்லை. அவர் கொட்டியதும் இது இல்லை, மணலில் கிடந்தவர்கள் குடித்ததும் இது இல்லை, கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் வாங்கிப் போனதும் இது இல்லை. ஒரு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சட்டென்று அடக்க முடியாத ஓர் ஆசை வந்தது, துறையில் கூட இருந்தவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு இங்கே வரிசையாக உட்காரவைத்து மோந்து பாருங்கள் என்று சொல்ல. கண்டுபிடியுங்கள் பார்ப்போம், ஒரு குற்றம். மாசிலாமணியின் மகள் வைத்தது. இன்னொரு வாய் குடித்தார். இந்தத் தடவை நாக்கு வழிவிட்டது.

கசக்குது என்றார். கசக்கணும்ப்பா என்றாள் மங்கை. தெரியுது, அளவாத்தான் கசக்குது என்றார். பிறகு, அன்றைக்குப் பானைக்கு மேலே சொல்லாமல் விட்டதைச் சொல்கிறவர்போல, நிறுத்தி நிதானமாகச் சொன்னார், "அழுக்கு இல்ல மங்கை. நான் மோந்ததுல ஒரு குத்தம் சொல்ல முடியல." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேசைமேல் சிந்தியிருந்த ஈரத்தைப் புறங்கையால் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். செண்பகம் தட்டைத் தள்ளிவிட்டு, குவளையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, மோருக்கு ஈடாகாது என்று சொல்லித் திருப்பி வைத்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைப் பக்கம் பார்த்தாள். "அப்ப அந்த எம்-மைப் போடச் சொல்லட்டுமாப்பா?"

மாசிலாமணியும் பார்த்தார். விழுப்புரத்திலிருந்து யாராவது ஒருநாள் இங்கே வருவான். அண்ணாந்து பார்ப்பான், ஊரில் போய்ச் சொல்வான். சொல்லட்டும். "எம்-னா யாருன்னு எவனுக்குத் தெரியும்? முனுசாமிக்கும் எம்-தான், மூர்த்திக்கும் எம்-தான். மாசிலாமணின்னு முழுசா எழுதச் சொல்லு."

செண்பகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையை அளந்தாள். "அத்தனை எழுத்துக்கு இடம் பத்தாதேங்க" என்றாள்.

"பத்தலன்னா வேற பலகை செய்யச் சொல்லு" என்றார் மாசிலாமணி.